யாருக்காக வேலை? எங்கே வேலை? என்னவாக வேலை?
நேர்முகத் தேர்வுக்குச் செல்வோருக்கான ஆங்கிலப் பாடம்



வேலைக்கான நேர்முகத் தேர்வு எந்த ஊரில் நடந்தாலும், எந்த நிறுவனம் நடத்தினாலும் முதல் சில கேள்விகளில் ஒன்று இதுவாகத்தான் இருக்கும்: "இப்போது என்ன வேலை செய்கிறீர்கள்? இதற்கு முன் என்ன செய்தீர்கள்?" நம் பிள்ளைகளுக்கு வேலை தெரியும். வெல்டிங் தெரியும், கணக்கு எழுதத் தெரியும், நோயாளியைக் கவனிக்கத் தெரியும். அந்த வேலைகளுக்குரிய ஆங்கிலப் பெயர்களும் தெரியும். ஆனாலும் பதில் சொல்லும்போது 'இன்', 'அட்', 'ஆன்', 'ஃபார்', 'ஆஸ்' போன்ற சின்னஞ்சிறு சொற்களில் தடுமாறுகிறார்கள்.

சிறு சொல்தானே என்று விட்டுவிட முடியாது. எதிரே இருப்பவர் நம் வேலையை நேரில் பார்த்தவர் அல்லர். நாம் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறார். சிறு சொல் மாறினால், பொறுப்பாளராக இருந்தவர் உதவியாளராகத் தெரிவார். உதவியாளராக இருந்தவர் பொறுப்பாளர் என்று சொல்லிக்கொண்டதாகவும் ஆகிவிடும். முன்னது நமக்கு நஷ்டம். பின்னது இன்னும் மோசம். அடுத்த கேள்வியிலோ அனுபவச் சான்றிதழைப் பார்க்கும்போதோ, பொய் சொன்னவர் என்ற பெயர் வந்துவிடும். செய்த வேலையைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதற்கு இந்தச் சொற்கள் தேவை. இந்தப் பாடத்தில் அவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

1. குழப்பம் எங்கிருந்து வருகிறது?

தமிழில் நாம் இப்படிச் சொல்கிறோம்:

வங்கியில் வேலை.
சென்னையில் வேலை.
கணக்குப் பிரிவில் வேலை.
கப்பலில் வேலை.
இரவு ஷிஃப்டில் இருக்கிறேன்.
விடுப்பில் இருக்கிறேன்.

ஆறு வாக்கியத்திலும் 'இல்' என்ற ஒரே உருபுதான். ஏழாம் வேற்றுமைக்கு மேல், கீழ், உள், இடம் என்று பல உருபுகளை நன்னூல் சொல்கிறது. அன்றாடப் பேச்சில் நாம் பெரும்பாலும் 'இல்' ஒன்றை வைத்தே சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படிச் சமாளிக்க முடியாது. சென்னைக்கும் கணக்குப் பிரிவுக்கும் 'இன்' வரும். கப்பலுக்கும் ஷிஃப்டுக்கும் விடுப்புக்கும் 'ஆன்' வரும். வங்கிக்கு, நாம் சொல்ல வருவது என்ன என்பதைப் பொறுத்து 'ஃபார்', 'அட்', 'இன்' ஆகிய மூன்றில் எதுவும் வரலாம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தமிழில் உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டி வரும். ஆங்கிலத்தில் அது பெயருக்கு முன்னால் தனிச் சொல்லாக நிற்கும். அதனால்தான் அதை முன்னிடைச்சொல் என்கிறோம். 'வங்கி' என்று சொல்லிவிட்டு 'இல்' சேர்க்க நமக்கு நேரம் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் வங்கி என்று வாயைத் திறக்கும் முன்பே எந்த உறவு என்று முடிவு செய்திருக்க வேண்டும். தடுமாற்றம் வருவது அந்த இடத்தில்தான்.

ஆகவே 'இல்' என்பதை மொழிபெயர்க்க வேண்டாம். அதற்குப் பதிலாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். கேள்வி தெளிவானால் சொல் தானாக வரும்.

2. ஆறு கேள்விகள்

யாருக்காக? – 'ஃபார்'

சம்பளம் கொடுப்பவர் யார் என்பதற்கு இது பதில். 'ஐ வொர்க் ஃபார் எ பேங்க்' என்றால் வங்கி எனக்குச் சம்பளம் தருகிறது, நான் அதன் ஊழியர் என்று பொருள்.

எந்த இடத்தில்? – 'அட்'

வேலை நடக்கும் இடம் அல்லது நிறுவனம் எது என்பதற்கு இது பதில். 'ஐ வொர்க் அட் தி ஏர்போர்ட்' என்றால் விமான நிலையத்தில் வேலை செய்கிறேன் என்று மட்டும் பொருள். சம்பளம் கொடுப்பவர் யார் என்பது இதில் இல்லை.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது, ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வேலை செய்யும் நம் சகோதரர்களுக்கு மிகவும் அவசியம். துப்புரவு நிறுவனம் ஒன்றின் ஊழியர் விமான நிலையத்தில் பணியில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொல்ல வேண்டியது: 'ஐ வொர்க் ஃபார் எ க்ளீனிங் கம்பெனி. ஐ வொர்க் அட் தி ஏர்போர்ட்.' இதை மாற்றி 'ஐ வொர்க் ஃபார் தி ஏர்போர்ட்' என்று சொன்னால் விமான நிலையமே தன் முதலாளி என்று சொன்னதாகிவிடும். சான்றிதழில் வேறு நிறுவனத்தின் பெயர் இருக்கும். தவறான எண்ணம் எதுவும் இல்லாதவர்கூட அங்கே சந்தேகத்துக்கு ஆளாவார்.

எதற்குள்ளே? – 'இன்'

ஊர், நாடு, பிரிவு, துறை ஆகிய நான்குக்கும் 'இன்'. 'இன் துபாய்', 'இன் மலேசியா', 'இன் தி அக்கவுன்ட்ஸ் டிபார்ட்மென்ட்', 'இன் சேல்ஸ்'. கடை, தொழிற்சாலை, சமையற்கூடம் என்று இடத்தின் வகையைச் சொல்லும்போதும் பெரும்பாலும் 'இன்' வரும்: 'இன் எ ஷாப்', 'இன் எ ஃபேக்டரி', 'இன் எ கிச்சன்'. நிறுவனத்தின் பெயரைச் சொல்லும்போது 'அட்' பொருத்தமாக இருக்கும்.

எதன் மேல்? – 'ஆன்'

இதை இரண்டு வகையாக நினைவில் வைக்கலாம். ஒன்று, காலுக்குக் கீழே தளமோ நிலமோ விரிந்திருக்கும் இடங்கள்: 'ஆன் எ ஷிப்', 'ஆன் அன் ஆயில் ரிக்', 'ஆன் எ ஃபார்ம்', 'ஆன் எ பில்டிங் சைட்'. மற்றொன்று, கையில் எடுத்துச் செய்துகொண்டிருக்கும் பணி: 'ஐ ஆம் வொர்கிங் ஆன் எ ரிப்போர்ட்', 'ஐ ஆம் வொர்கிங் ஆன் எ நியூ ப்ராஜெக்ட்'.

பணிநிலையைச் சொல்லவும் 'ஆன்' வரும். 'ஆன் டியூட்டி' – பணியில், 'ஆன் லீவ்' – விடுப்பில், 'ஆன் தி நைட் ஷிஃப்ட்' – இரவு ஷிஃப்டில், 'ஆன் ப்ரொபேஷன்' – தகுதிகாண் பருவத்தில், 'ஆன் எ டூ இயர் கான்ட்ராக்ட்' – இரண்டு வருட ஒப்பந்தத்தில்.

என்னவாக? – 'ஆஸ்'

பதவியைச் சொல்லும் சொல் இது. 'ஐ வொர்க் ஆஸ் அன் எலக்ட்ரீஷியன்.' இந்த இடத்தில் சிலர் 'லைக்' என்று சொல்லிவிடுகிறார்கள். 'ஐ வொர்க்ட் ஆஸ் எ மேனேஜர்' என்றால் மேலாளராக இருந்தேன். 'ஐ வொர்க்ட் லைக் எ மேனேஜர்' என்றால் மேலாளரைப் போல வேலை செய்தேன், அதாவது நான் மேலாளர் இல்லை. உண்மையிலேயே அந்தப் பதவியில் இருந்தவர் தன் வாயாலேயே அதை இழந்துவிடுகிறார். பதவிப் பெயருக்கு முன்னால் வரும் 'எ' அல்லது 'அன்' என்ற சொல்லையும் விட்டுவிட வேண்டாம்.

கற்ற கைத்தொழில் ஒன்று, இப்போது பார்க்கும் வேலை வேறொன்று என்றால் 'பை ட்ரேட்' என்று சேர்க்கலாம். 'ஐ ஆம் எ கார்பென்டர் பை ட்ரேட், பட் நவ் ஐ வொர்க் ஆஸ் எ டிரைவர்' – தொழிலால் நான் தச்சர், இப்போது ஓட்டுநராக இருக்கிறேன்.

யாருடன்? யாருக்குக் கீழ்? – 'வித்', 'அண்டர்', 'டு'

உடன் வேலை செய்பவர்களுக்கு 'வித்': 'ஐ வொர்க்ட் வித் டூ என்ஜினீயர்ஸ்'. கையாளும் பொருளுக்கும், நாம் பணிசெய்யும் மக்களுக்கும் 'வித்' வரும்: 'ஐ வொர்க் வித் சில்ட்ரன்', 'ஐ வொர்க் வித் வுட்'. மேலதிகாரியைச் சொல்ல 'அண்டர்' தவறில்லை. அலுவலக வழக்கில் 'ஐ ரிப்போர்ட் டு தி சைட் என்ஜினீயர்' என்பது இன்னும் இயல்பானது.

ஒரு எச்சரிக்கை. நம் நாட்டில் 'ஐ ஆம் வொர்கிங் வித் எ ஷிப்பிங் கம்பெனி' என்று சொன்னால் அந்த நிறுவனத்தின் ஊழியர் என்றே எல்லோரும் புரிந்துகொள்வார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அப்படிச் சொன்னால், அந்த நிறுவனத்துடன் சேர்ந்து செயல்படும் வெளியாள் என்று எடுத்துக்கொள்ளக் கூடும். நிரந்தர ஊழியராக இருந்தால் 'ஃபார்' சொல்வதே பாதுகாப்பு.

ஆறு கேள்விக்கும் பதில் சேர்ந்தால் முழு அறிமுகம் தயார்: 'ஐ வொர்க் ஃபார் எ கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி இன் துபாய். ஐ வொர்க் ஆஸ் அன் எலக்ட்ரீஷியன். ஐ ஆம் இன் தி மெயின்டனன்ஸ் டிபார்ட்மென்ட். அட் ப்ரெசன்ட் ஐ ஆம் வொர்கிங் ஆன் எ ஹாஸ்பிட்டல் ப்ராஜெக்ட் வித் ஃபோர் அதர் எலக்ட்ரீஷியன்ஸ். ஐ ரிப்போர்ட் டு தி சைட் என்ஜினீயர்.' இதில் கடினமான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனால் கேட்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும்.

3. ஒரு சொல்லில் பொருள் மாறும் இடங்கள்

'ரெஸ்பான்சிபிள் ஃபார்' – நாம் எதற்குப் பொறுப்பு என்பது. 'ரெஸ்பான்சிபிள் டு' – நாம் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது. 'ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ஃபார் தி சூப்பர்வைசர்' என்றால் சூப்பர்வைசரே நம் பொறுப்பில் இருந்தார் என்றாகிவிடும்.

'டீல் வித்' – ஒருவரையோ ஒரு பிரச்சினையையோ கையாளுதல். 'டீல் இன்' – ஒரு சரக்கை வாங்கி விற்றல். வாடிக்கையாளர்களைக் கவனித்தவர் 'ஐ டெல்ட் வித் கஸ்டமர்ஸ்' என்பார். துணி வியாபாரி 'ஐ டீல் இன் டெக்ஸ்டைல்ஸ்' என்பார். இரண்டையும் மாற்றினால் மனிதர்களை விற்றதாகப் பொருள் வந்துவிடும்.

'இன் பிசினஸ்' – சொந்தமாகத் தொழில் செய்கிறார். 'ஆன் பிசினஸ்' – தொழில் நிமித்தமாக வந்திருக்கிறார் அல்லது போயிருக்கிறார். "எதற்காக வந்தீர்கள்?" என்று விமான நிலையத்தில் கேட்கும்போது இந்த வித்தியாசம் தேவைப்படும்.

'இன் தி ஆஃபீஸ்' – அலுவலகத்தில் இருக்கிறார். 'தி' இல்லாமல் 'இன் ஆஃபீஸ்' என்றால் ஆட்சிப் பதவியில் இருக்கிறார் என்று பொருள். அமைச்சரைப் பற்றி அப்படிச் சொல்லலாம். அத்தா அலுவலகம் போயிருக்கிறார் என்பதைச் சொல்ல 'ஹி இஸ் அட் தி ஆஃபீஸ்' அல்லது 'ஹி இஸ் அட் வொர்க்' என்க.

'அட் வொர்க்' – இப்போது வேலையில் இருக்கிறார். 'ஆஃப் வொர்க்' – உடல்நலக் குறைவு போன்ற காரணத்தால் சில நாள் வேலைக்குப் போகவில்லை. 'அவுட் ஆவ் வொர்க்' – வேலை இல்லாமல் இருக்கிறார். ஒரு வேலையை விட்டு அடுத்த வேலை இன்னும் கிடைக்காத நிலையை 'பிட்வீன் ஜாப்ஸ்' என்று சொல்வது கௌரவமான வழக்கு.

'லெஃப்ட் ஃபார் துபாய்' – துபாய்க்குப் புறப்பட்டேன். 'லெஃப்ட் துபாய்' – துபாயை விட்டு வந்துவிட்டேன். ஒரு 'ஃபார்' திசையையே திருப்பிவிடுகிறது.

'அப்ளை ஃபார்' – எந்த வேலைக்கு. 'அப்ளை டு' – எந்த நிறுவனத்துக்கு. 'ஐ அப்ளைட் டு த்ரீ கம்பெனிஸ் ஃபார் தி போஸ்ட் ஆவ் ஸ்டோர்கீப்பர்.'

4. எத்தனை காலம்?

நம்மிடம் மிகப் பரவலாக உள்ள தவறு இது: 'ஐ ஆம் வொர்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.' 'சின்ஸ்' ஒரு தொடக்கத்தைக் கேட்கும். 'சின்ஸ் 2019', 'சின்ஸ் ஜனவரி' என்று வர வேண்டும். எத்தனை காலம் என்ற அளவுக்கு 'ஃபார்' வரும். சரியான வாக்கியம்: 'ஐ ஹேவ் பீன் வொர்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.'

இங்கே வினைச்சொல்லையும் கவனியுங்கள். 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றால் ஐந்து வருடம் வேலை செய்தேன், இப்போது அங்கே இல்லை என்று பொருள். இப்போதும் அந்த வேலையில் இருப்பவர் இப்படிச் சொன்னால், வேலையை விட்டுவிட்டவர் என்று எதிரே இருப்பவர் குறித்துக்கொள்வார். முடிந்துபோன வேலைக்கு 'ஃப்ரம் 2016 டு 2019' என்று இரண்டு எல்லையும் சொல்வது நல்லது.

5. எதுவும் தேவைப்படாத இடங்கள்

'ஐ ஜாயின்ட் இன் தி கம்பெனி' என்பது தவறு. 'ஐ ஜாயின்ட் தி கம்பெனி இன் 2019' என்பதே சரி. 'டிஸ்கஸ் அபவுட்' தவறு, 'டிஸ்கஸ்' போதும். 'கான்டாக்ட் டு' தவறு, 'கான்டாக்ட்' போதும். ஆனால் ராஜினாமாவுக்கு 'ரிசைன் ஃப்ரம்' வேண்டும். ஓய்வு பெற்ற வேலையைச் சொல்லும்போது 'ரிட்டயர் ஃப்ரம்' என்க. பொறுப்பைச் சொல்லும்போது 'இன்சார்ஜ் ஃபார் தி ஸ்டோர்' என்று பலர் எழுதுகிறார்கள். 'இன் சார்ஜ் ஆவ் தி ஸ்டோர்' என்பதே சரி.

6. கையெழுத்துப் போடும் முன்

பேச்சில் தவறினால் மறுபடியும் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். வேலை ஒப்பந்தத்தில் ஒரு சிறு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் பணம் போகும். கீழே உள்ளவற்றை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள்.

'அட் தி கம்பெனிஸ் எக்ஸ்பென்ஸ்' – நிறுவனத்தின் செலவில். 'அட் தி எம்ப்ளாயீஸ் ஓன் எக்ஸ்பென்ஸ்' – ஊழியரின் சொந்தச் செலவில். விமான டிக்கெட், மருத்துவப் பரிசோதனை பற்றிய வரிகளில் இதைத் தேடிப் பாருங்கள்.

'பேயபிள் டு தி எம்ப்ளாயீ' – ஊழியருக்குக் கொடுக்க வேண்டியது. 'பேயபிள் பை தி எம்ப்ளாயீ' – ஊழியர் கொடுக்க வேண்டியது. 'டு' என்றால் வரவு, 'பை' என்றால் செலவு.

'இன் லூ ஆவ்' – அதற்குப் பதிலாக. தங்குமிடத்துக்கு 'இன் லூ ஆவ்' படி என்று எழுதியிருந்தால், தங்குமிடம் தர மாட்டார்கள், பணம் மட்டுமே தருவார்கள் என்று பொருள். இரண்டும் கிடைக்கும் என்று நினைத்துப் போய்விடக் கூடாது.

'பை தி டென்த்' – பத்தாம் தேதிக்குள். 'அன்டில் தி டென்த்' – பத்தாம் தேதி வரை. சம்பளம் 'பை தி டென்த்' என்றால் அந்தத் தேதிக்குள் வந்தாக வேண்டும்.

விளங்காத வரி இருந்தால், ஆங்கிலம் நன்கு தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம். கேட்பதில் வெட்கம் இல்லை.

7. பயிற்சி

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள். ஓர் இடத்தில் எந்தச் சொல்லும் தேவையில்லை. அது எது என்றும் கண்டுபிடியுங்கள்.

1. மை பிரதர் வொர்க்ஸ் ____ எ நர்ஸ்.
2. ஹி வொர்க்ஸ் ____ எ ஷிப்.
3. ஐ ஹேவ் பீன் வொர்கிங் ஹியர் ____ த்ரீ இயர்ஸ்.
4. ஷி ஜாயின்ட் ____ தி ஸ்கூல் இன் 2020.
5. ஐ வாஸ் ரெஸ்பான்சிபிள் ____ தி கேஷ் கவுன்ட்டர்.
6. வி ரிப்போர்ட் ____ தி மேனேஜர்.
7. மை அங்கிள் டீல்ஸ் ____ லெதர் குட்ஸ்.
8. ஐ ஹேவ் பீன் இன் திஸ் ஜாப் ____ 2021.
9. ஹி இஸ் ____ லீவ் டுடே.
10. ஐ அப்ளைட் ____ தி ஜாப் லாஸ்ட் வீக்.

விடைகள்: 1. ஆஸ். 2. ஆன். 3. ஃபார். 4. எதுவும் தேவையில்லை. 5. ஃபார். 6. டு. 7. இன். 8. சின்ஸ். 9. ஆன். 10. ஃபார்.

வீட்டுப் பாடம்

உங்கள் வேலையைப் பற்றி ஆறு வாக்கியங்களை நோட்டில் எழுதுங்கள். யாருக்காக, எந்த இடத்தில், எதற்குள்ளே, எதன் மேல், என்னவாக, யாருடன் என்ற வரிசையில் எழுதுங்கள். இன்னும் வேலை கிடைக்காத பிள்ளைகள் தாங்கள் செய்த பயிற்சியைப் பற்றியோ, அத்தாவின் வேலையைப் பற்றியோ எழுதலாம். எழுதியதைப் பார்க்காமல் சொல்லும் வரை உரக்கப் படியுங்கள்.

பெற்றோர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஆங்கிலம் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். ஆறு கேள்விகளும் தமிழில்தான் இருக்கின்றன. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கி, உம்மா ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கட்டும், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். ஒரு கேள்விக்கும் மறு கேள்விக்கும் இடையே பிள்ளை தயங்கும் நேரம் நாளுக்கு நாள் குறைவதை உம்மாவே கவனித்துச் சொல்லிவிடலாம். பிள்ளை தயங்காமல் பதில் சொல்லும் நாளில் நேர்முகத் தேர்வுக்கு அனுப்பி வையுங்கள்.